புள்ளி விழுந்த பழம்

எனக்கு வாழைப்பழம் உரிக்கத் தெரியாது என்று நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் பரப்பியவர் என் மாமியார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அன்று நடந்ததைப் பார்த்திருந்தால் நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

கல்யாணம் முடிந்து பெண் வீட்டில் முதல் விருந்து. எனக்குப் பக்கத்தில் என் மனைவியின் பெரிய மாமா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வருடத்தில் பாதி பாரிஸ் பக்கம், பாதி இங்கே. எங்கள் இருவருக்கு மட்டும் மேசை போட்டு இலை விரித்திருந்தார்கள். பாயசம் வந்தது, பின்னாலேயே பழம் வந்தது. மாமா ஒரு தட்டு கேட்டார். கத்தியும் ஃபோர்க்கும் கேட்டார். பழத்தைத் தட்டில் படுக்க வைத்து, இரண்டு முனையையும் நறுக்கி, தோலை நீளவாக்கில் கீறி விரித்து, துண்டு போட்டு, ஒவ்வொன்றாகக் குத்தி வாயில் வைத்தார். விரல் நுனிகூடப் பழத்தில் படவில்லை.

நான் திண்டிவனத்துக்காரன். எங்கள் வீட்டில் பழத்தை நின்றபடியே ரெண்டு வாயில் முடித்துத் தோலை ஆட்டுக்குப் போடுவோம். ஆனால் அன்று நான் புது மாப்பிள்ளை. பட்டுச் சட்டை வேறு. மாமாவுக்கு நான் எந்த விதத்தில் குறைந்தவன் என்று, "எனக்கும் ஒரு ஃபோர்க்" என்று கேட்டுவிட்டேன்.

முனையை நறுக்குவது வரை நன்றாகத்தான் போனது. தோலைக் கீறும்போது கொஞ்சம் அழுத்திவிட்டேன் போலிருக்கிறது. பழம் தோலை என்னிடம் விட்டுவிட்டு, தட்டிலிருந்து வழுக்கிக் கிளம்பி, மாமாவின் பாயசக் கிண்ணத்தில் போய் இறங்கியது. மாமா "ஓ லா லா" என்றார். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அத்தை, அதாவது என் மாமியார், பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை டிபன் முடிந்ததும் என் முன்னால் ஒரு தட்டு வந்தது. அதில் ஒரு பழம், பாதிவரை உரித்து, தோலை நாலு பக்கமும் இதழ் மாதிரி மடக்கிவிட்டு, குழந்தைக்குக் கொடுப்பதுபோல.

நானே உரித்துக்கொள்வேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யாரிடம் சொல்வது? அந்த வீட்டில் மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது, மரியாதை. நான் கூடத்துக்கு வந்தால் அத்தை முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவார். எனக்குச் சொல்ல வேண்டியது எதுவும் இருந்தால் ஃபிரிட்ஜைப் பார்த்துச் சொல்வார். "இட்லி ஆறிப்போவுது." "மழ வர்ற மாதிரி இருக்கு, வண்டிய உள்ள வெச்சா தேவல." நானும் ஃபிரிட்ஜைப் பார்த்துத் தலையாட்டுவேன். அந்த வீட்டில் என்னைவிட ஃபிரிட்ஜிடம்தான் அதிகம் பேசினார்கள்.

மனைவியிடம் முறையிட்டேன். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்க."

"நான் எப்படிச் சொல்றது?"

"அப்ப சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். மாதக்கணக்கில் சாப்பிட்டேன். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் ஒரு நாள் என் தட்டைப் பார்த்துவிட்டு, "சாருக்குக் கையில அடியா?" என்று அக்கறையாக விசாரித்தார். அன்றைக்குத்தான் ரோஷம் வந்தது. கூடத்தில் தொங்கிய சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, அடுப்படி வாசலுக்கு நேராக நின்று, வித்தை காட்டுகிறவன் மாதிரி மெதுவாக, காம்பு முதல் அடிவரை உரித்துக் காட்டினேன். அத்தை பார்த்தார். அப்புறம் ஃபிரிட்ஜிடம் சொன்னார்:

"பரவால்ல. கத்துக்கிட்டாரு."

கல்யாணம் ஆனதும் பக்கத்தில் சாரம் பகுதியில் ஒரு வீடு பார்த்துக் குடிபோவதாகத்தான் ஏற்பாடு. வீடு கிடைக்கும் வரை தற்காலிகமாக இங்கே இருப்பது என்று முடிவானது. எங்கள் மகள் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறாள். தற்காலிகம் இன்னும் முடியவில்லை. வீட்டோட மாப்பிள்ளை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். "அத்தைக்குத் துணையா இருக்கோம்" என்பேன். யாருக்கு யார் துணை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அத்தை அதிகம் பேசாதவர். என்னிடம் மட்டுமில்லை, யாரிடமும். அவருக்கு வார்த்தை வராத இடத்தில் எல்லாம் பழம் வந்தது. இரும்பு கேட்டைத் தாண்டி உள்ளே வந்த யாரும் வெறுங்கையோடு திரும்பியது கிடையாது. சிலிண்டர் போடுபவர், கூரியர்காரர், கேபிள் வயர் சரிபார்க்க வந்தவர், தவறான முகவரிக்கு வந்தவர். ஓட்டுக் கேட்டு வருபவர்களில் கட்சி வித்தியாசம் பார்க்கமாட்டார். ஒரு கட்சிக்காரர்கள் எங்கள் பழத்தைத் தின்றுகொண்டே போய், தெருமுனையில் எதிர்க்கட்சிக்காரர்களிடம் "அந்தப் பச்சை கேட் வீட்டுக்குப் போங்க, பழம் தராங்க" என்று சொன்னதை என் காதால் கேட்டேன். நம் ஊர் அரசியலில் அவ்வளவு ஒற்றுமையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

ஏன் வாழைப்பழம் என்று கேட்டால், "அதுக்குக் கத்தி வேணாம், தட்டு வேணாம், கழுவ வேணாம். பல்லுகூட வேணாம்" என்பார். கத்தி, தட்டு என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

மாடியில் குடியிருந்த அம்மாவோடு அவருக்குத் தண்ணீர் மோட்டார் விஷயமாக அடிக்கடி தகராறு வரும். அந்த அம்மா மேலிருந்து கத்துவார். அத்தை கீழிருந்து ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை சொல்வார். அப்புறம் பேச்சு வராமல் உள்ளே போய், ரெண்டு பழத்தை எடுத்து வந்து மாடிப்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். "ஒங்க மாமியார்கிட்ட சண்டையே போட முடியலீங்க" என்று அந்த அம்மா என்னிடம் குறைபட்டுக்கொண்டார். "நான் பாதியில இருக்கேன், பழம் வந்துடுது. அப்புறம் இன்னான்னு கத்தறது?"

இப்படி ஊருக்கே கொடுத்தவர் என் விஷயத்தில் மட்டும் ஓரவஞ்சனை செய்கிறார் என்று கண்டுபிடித்தேன். வருகிறவர்களுக்குப் போவது பளபளவென்று மஞ்சள் பழம். எனக்கு வருவதோ கரும்புள்ளி விழுந்து, தோல் சுருங்கி, தொட்டால் அமுங்கும் பழம். ஒரு தடவை, ரெண்டு தடவை என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். தினமும். சிலிண்டர்காரருக்கு மஞ்சள், மாப்பிள்ளைக்குக் கருப்பு.

"மத்தவங்க ஒதுக்கினதுதான் எனக்கு" என்று மனைவியிடம் சொன்னேன். "வெளிய வீடு பாத்துப் போயிருந்தா இந்த நெலம வருமா?"

"பழத்துக்காக வீடு மாறணுமா?"

மாறவில்லை. ஆனால் வருத்தத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். மாலையில் பீச் ரோட்டில் கடலைப் பார்த்து நிற்கும்போது, பெரிய துயரம் எதுவும் கைவசம் இல்லாததால், இதைத்தான் எடுத்துவைத்து நினைத்துக்கொள்வேன்.

நடுவில் எனக்கு உடம்பைக் குறைக்கும் ஆசை வந்தது. அதற்கு முந்தைய வருடம்தான் வாழைப்பழத்தில் பொட்டாசியம் இருக்கிறது, ரத்த அழுத்தத்துக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஒரு செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். மறு வருடம் இனிப்பாக இருக்கும் எதுவும் விஷம் என்ற கட்சிக்கு மாறிவிட்டேன். புது ஷூ வாங்கினேன். பழத்தை விட்டேன். அதை ஃபிரிட்ஜிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாததால், காலையில் வரும் பழத்தை வாங்கி, அப்புறம் சாப்பிடுகிறவன் மாதிரி ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். போட்டதை எடுக்க மறந்துவிடுவேன். ஒரு நாள் சிக்னலில் நிறுத்தி வண்டிக் காகிதங்களைக் கேட்டார்கள். பெட்டியைத் திறந்தேன். ஆர்.சி. புத்தகம் இருந்தது. அதன் மேல் நாலைந்து நாள் பழம் கூழாகி, எறும்பு குடும்பத்தோடு இருந்தது. போலீஸ்காரர் புத்தகத்தை ரெண்டு விரலால் தூக்கி, திறக்காமலே முகத்தைச் சுளித்து, "போங்க சார், போங்க" என்றார். என் வாழ்க்கையில் காகிதம் பார்க்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் பழத்தைக் கம்பெனியில் பாஸ்கரிடம் கொடுத்துவிட ஆரம்பித்தேன். சேதராப்பட்டுப் பக்கம் எங்கள் கம்பெனி. ஸ்டோர்ஸில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவர். கடலூரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து வருபவர், காலையில் சாப்பிட நேரமிருக்காது. என்னைக் கர்ணன் என்று கூப்பிட்டார். மறுக்கவில்லை. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவர், நேராக அடுப்படி வாசலுக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, தினம் நீங்க சாருக்குக் குடுக்கற பழத்த நான்தாம்மா சாப்பிடறேன். அந்த மாதிரிப் பழம் எங்கயும் கெடைக்காது."

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. மறுநாள் காலை ஃபிரிட்ஜின் மேல் என் ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே முழுதாக ஒரு சீப்பு. அதற்குமேல் ஒரு புள்ளி விழுந்த பழம் தனியாக.

அரசுப் பள்ளியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த ஊரில் ஒரு நாள் காரைக்காலுக்கு மாற்றல் வந்தே தீரும். என் மனைவிக்கும் வந்தது. மகள் அப்போது மிகவும் சின்னவள், அம்மாவை விட்டு இருக்கமாட்டாள் என்று அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வீட்டில் நான், அத்தை, ஃபிரிட்ஜ்.

ஒரே வீட்டில் ரெண்டு பேர் பேசாமல் காலம் தள்ளுவது முடியாத காரியமில்லை. டிவியை எப்போதும் ஓடவிட வேண்டும், அவ்வளவுதான். சாப்பாடு மேசைமேல் இருக்கும். பழம் தட்டில் இருக்கும். காரைக்காலிலிருந்து போன் வந்தால் மனைவி அம்மாவிடம் கேட்டு எனக்குச் சொல்வாள், என்னிடம் கேட்டு அம்மாவுக்குச் சொல்வாள். அடுத்த அறையில் இருப்பவருக்கு ரசத்தில் உப்புக் குறைவு என்று தெரிவிக்க, செய்தி காரைக்கால் வரை போய்த் திரும்பி வரும்.

அத்தையின் கால் வீங்கியிருந்ததை முதலில் கவனித்தது நானில்லை, மாடி வீட்டு அம்மா. படி இறங்கி வந்தவர், "இன்னாங்க இது, காலு இப்படி இருக்குது, வீட்ல ஆம்பள இருந்து இன்னாத்துக்கு?" என்று டிவிக்கு மேலே சத்தமாகக் கேட்டார். அப்போதுதான் நான் ஃபிரிட்ஜை விட்டு அத்தையைப் பார்த்தேன். முகமும் ஊதியிருந்தது. சில நாளாகச் சாப்பிட்டது வயிற்றில் தங்கவில்லையாம். அவர் சொல்லவில்லை. யாரிடம் சொல்வார்?

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ரிப்போர்ட்டோடு டாக்டர் அறைக்குள் போனால், உட்கார்ந்திருந்தது ஒல்லியாக ஒரு சின்னப் பெண். கண்ணுக்குக் கீழே கருவளையம், தூங்கி நாளானவள் மாதிரி. அத்தை உட்காரும் முன் துணிப்பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார்.

"பாட்டி தினம் என்ன சாப்பிடுவாங்க?"

நான் அத்தை பக்கம் திரும்பினேன். அத்தை சுவரைப் பார்த்து, "காலைல ஒரு பழம். மத்தியானம் சோறு, பழம். ராத்திரி பழந்தான்" என்றார். நான் அதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன், என்னமோ அவருக்குத் தமிழ் தெரியாத மாதிரி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "கிட்னி ரெண்டும் ரொம்பக் கெட்டுப்போயிருக்கு. பொட்டாசியத்த உடம்பு வெளிய தள்ளமாட்டேங்குது. அது ஏறினா இதயம் நின்னுடும். இளநீர் கூடாது. வாழைப்பழம் தொடவே கூடாது."

நான் வருடம் முழுக்க இதயத்துக்கு நல்லது என்று அனுப்பிய அதே பொட்டாசியம்.

அத்தை சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"மாப்ள, இந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?"

நான் பழக்க தோஷத்தில் சுற்றுமுற்றும் ஃபிரிட்ஜைத் தேடினேன். "இனிமே பழம் வேணாமாம் அத்த" என்றேன்.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான்."

அத்தை மேசைமேலிருந்த பழத்தை டாக்டர் பக்கம் தள்ளிவிட்டு, "நீ சாப்பிடும்மா. ஒனக்கு ஒன்னும் இல்லியே?" என்றார்.

அதற்கப்புறம் நான் போட்ட ஆட்டத்தைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. பொறுப்பு என்று ஒன்று எனக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை. வீட்டிலிருந்த பழத்தையெல்லாம் வாரி மாடி வீட்டுக்குக் கொடுத்தேன். சீப்பு மாட்டும் கொக்கியைக்கூடக் கழற்றினேன். முனைக்கடைக்குப் போய், "எங்க வீட்டு அம்மா வந்தா வாழைப்பழம் தரக்கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், பெற்ற தாய்க்குச் சோறு போடாதவனைப் பார்ப்பது தெரிந்தது. குப்பைக்கூடையைத் தினமும் கிளறினேன். காரைக்காலுக்கு அறிக்கை அனுப்பினேன்: "இன்று பழம் இல்லை."

அத்தை எதிர்க்கவில்லை. ஆனால் வாசல் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். சிலிண்டர் வந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். கூரியர்காரர் கையெழுத்துக்கு நின்றால், "யாரும் இல்லன்னு சொல்லிடுங்க" என்று அறைக்குள்ளிருந்து குரல் வரும். மாடி வீட்டு அம்மா வேண்டுமென்றே மோட்டாரைப் போட்டுவிட்டு அணைக்காமல் விட்டுப் பார்த்தார். தொட்டி நிரம்பித் தண்ணீர் தெருவரை ஓடியது. அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. "எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றார் அந்த அம்மா.

எனக்குப் பயம் வரவில்லை. நான் சட்டத்தை நிலைநாட்டுவதில் மும்முரமாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் காய்ந்த வாழைப்பழத்தோல் ஏழெட்டுக் கிடப்பதைப் பார்த்தேன். கையில் அள்ளிக்கொண்டு கீழே வந்து கூடத்து மேசைமேல் போட்டேன்.

"அத்த, இது இன்னா? உசுரு மேல ஆசையில்லையா உங்களுக்கு?"

அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தோலைப் பார்த்தார். முறத்தைக் கீழே வைத்தார்.

"அது நீங்க போட்டது மாப்ள."

உண்மைதான். டயட்டெல்லாம் மனைவி காரைக்கால் போன வாரமே போய்விட்டிருந்தது. தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பழம் என்று ஆகிப்போன நாக்கு, வீட்டில் பழத்தை நிறுத்தியதும் தவித்தது. வேலை முடிந்து வரும்போது முனைக்கடையில் ஒன்று வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அவர் எதிரில் தின்றால் பாவம் என்று மாடியில் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து தின்பேன். தோலை அங்கேயே போட்டுவிடுவேன். துப்பறிந்த உற்சாகத்தில் திருடன் யார் என்பது மறந்துவிட்டது.

"அங்க போடாதீங்க. துணி காயப்போட வர்றவங்க வழுக்கி விழுந்துடுவாங்க" என்றார். அப்புறம் முந்தின நாள் போட்ட, இன்னும் காயாத ஒரு தோலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முகத்தில் அதிருப்தி. "இது இன்னா, காயா வாங்கியிருக்கீங்க? தோல்ல ஒரு புள்ளிகூட இல்ல. புள்ளி விழுந்தாத்தான் உள்ள சக்கர ஏறும். வர்றவங்க கண்ணுக்கு அழகா இருக்கணும்னு மஞ்சளா குடுக்கறது. வீட்டு மனுஷனுக்கு அத எப்படிக் குடுக்கறது? உங்களுக்குன்னு நான் தனியா எடுத்து வெச்சி, புள்ளி விழறவரைக்கும் காத்திருந்து குடுப்பேனே."

பீச் ரோட்டில் நான் நின்று நின்று வளர்த்த துயரம் அத்தனையும் அந்த இடத்தில் போயிற்று. அவ்வளவு வருடப் பராமரிப்பு வீண்.

அன்று சாயங்காலமே போய் ஒரு தார் வாங்கி வந்தேன். கொக்கியை மறுபடி மாட்டினேன். கொடுக்கலாம், சாப்பிடக்கூடாது என்று ஒப்பந்தம். அவர் ஒரு தடவைகூட மீறவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். நான் அவர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்.

"எப்படி இருக்குது?"

"நல்லா இருக்கு அத்த."

"நல்லா இருக்குதுன்னா? புளிப்புத் தட்டுதா? நடுவுல கட்டி இருக்குதா? போன தாரு மாதிரியா, அத விடவா?"

எனக்குத் தெரிந்த ருசி ரெண்டுதான், நல்லா இருக்கு, நல்லா இல்லை. அத்தை விடமாட்டார். என்னைக் கண்ணை மூடிக்கொண்டு மென்று பார்க்கச் சொல்வார். பூவன் பழத்தின் கடைசிக் கடியில் லேசாகப் புளிப்பு நிற்கும், ரஸ்தாளியில் மாவு வாசனை வரும் என்றெல்லாம் எனக்கு வாய் வர மாதங்கள் ஆயின. நான் சரியாகச் சொன்ன நாளில் அவர் எச்சிலை விழுங்குவது தெரியும். அவருக்காக நான் சாப்பிட்டதில் ஒரு சுற்றுப் பெருத்தேன். அன்புக்காக மனிதர்கள் எவ்வளவோ தியாகம் செய்கிறார்கள். நான் செய்தது அதுதான்.

அப்படி உட்கார்ந்த நேரங்களில்தான் அவர், மறைந்த என் மாமனாரைப் பற்றியெல்லாம் பேச ஆரம்பித்தார். "மில்லு மூடனப்ப உங்க மாமா வேல தேடிப் போவாரு. மடியில ரெண்டு பழம் வெச்சி அனுப்புவேன். வேல கெடைக்குதோ இல்லியோ, காஞ்ச வயித்தோட திரும்பக்கூடாதுல்ல." இதுதான் அவருடைய பழக்கத்துக்கு மூலக்காரணம் என்று நான் உருகிப்போய் மனைவியிடம் போனில் சொன்னேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரி நர்ஸிடம் வேறு காரணம் சொன்னார். மாடி வீட்டு அம்மாவிடம் இன்னொன்று. எது நிஜமென்று கேட்டதற்கு, "எல்லாந்தான்" என்றார்.

அந்த வருடக் கடைசியில் டயாலிசிஸ் ஆரம்பித்தது. வாரத்துக்கு ரெண்டு நாள். முதல் நாளே பெரிய பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். என்ன என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பணம் கட்டிவிட்டுத் திரும்பி வருவதற்குள் உள்ளே ஒரே கூச்சல். நோயாளிகள் படுத்திருந்த கட்டில்களுக்கு இடையில் அத்தை பழம் நீட்டிக்கொண்டிருந்தார். தலைமை நர்ஸ் ஓடிவந்து கட்டில் கட்டிலாகப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"யாரு இந்தம்மாகூட வந்தது? இங்க படுத்திருக்கறவங்க எல்லாருக்கும் இது விஷம் சார்! படிச்சவர்தானே நீங்க?"

நான் பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னாலேயே அத்தையின் குரல் வந்தது. "படுத்திருக்கறவங்களுக்குத்தான கூடாது? வெளிய ஒக்காந்திருக்கறவங்களுக்கு யாரு வேணாம்னா? மாப்ள, அவங்களுக்குக் குடுங்க."

வெளியே வராந்தாவில் நீளமான பெஞ்சுகள். அதில் மனைவிமார், அண்ணன்மார், மகள்கள். வில்லியனூர், பாகூர், அரியாங்குப்பம் என்று எங்கெங்கிருந்தோ விடியும் முன்னே கிளம்பி வந்தவர்கள். உள்ளே இருப்பவருக்கு என்ன கொடுக்கலாம் என்று எல்லோருக்கும் மனப்பாடம். தாங்கள் சாப்பிட்டோமா என்பதுதான் யாருக்கும் நினைவில்லை. அடுத்த முறையிலிருந்து அத்தை உள்ளே போகும் முன் பெஞ்சு பெஞ்சாக நின்று கொடுத்துவிட்டுத்தான் படுக்கப் போவார். பையைத் தூக்குவது நான். அவரைப் பார்த்ததும் பெஞ்சில் இருப்பவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். எனக்கு யாரும் இடம் விட்டதில்லை.

என் மனைவிக்கு மாற்றல் கிடைத்துத் திரும்பி வந்து, அம்மாவோடு கொஞ்ச காலம் இருக்க முடிந்தது. அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த அத்தை எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம், வீட்டில் மிச்சமிருந்த மருந்துகளை யாருக்காவது உபயோகப்படட்டும் என்று நர்ஸிடம் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் தள்ளுவண்டி நின்றது. ஒரு சீப்பு வாங்கினேன். புள்ளி பார்த்துத்தான் வாங்கினேன். மருந்தைக் கொடுத்துவிட்டு வராந்தாவுக்கு வந்து முதல் பெஞ்சில் இருந்தவரிடம் ஒரு பழத்தை நீட்டினேன்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். "எதுக்கு?"

"சும்மாதான். சாப்பிடுங்க."

"வேணாங்க."

அடுத்தவரும் வேண்டாம் என்றார். ஒரு பெண் குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டார். செக்யூரிட்டி வந்துவிட்டார். "இன்னா சார் இது? எந்தக் கட்சி நீங்க? இங்கெல்லாம் குடுக்கக் கூடாது." அத்தை ஒரு வார்த்தையும் சொல்லாமல் நீட்டினால் வாங்கிய அதே வராந்தா. நான் காரணம் சொல்லச் சொல்ல இன்னும் சந்தேகமாகப் பார்த்தார்கள். மாமியார், பழக்கம், மருந்து என்று எதையோ உளறினேன். செக்யூரிட்டி பையை வாங்கி மோந்து பார்த்தார்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு அம்மா, "அவர உடுங்க, பை தூக்கிக்கினு வருவாரே, அவருதான்" என்றார். எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் இடம் விட்டார். உட்கார்ந்தேன்.

"அந்தம்மா வரலியா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் என் கையிலிருந்த சீப்பை வாங்கி, ஒரு பழத்தைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். இன்னொன்றைத் தான் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பெஞ்சில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைந்தது. நான் சாப்பிட்டேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

உள்ளேயிருந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா அவசரமாக எழுந்து, தன்னுடைய டிபன் பையை என் மடியில் வைத்தார். "எங்க வூட்டுக்காரர மெஷின்லருந்து எடுக்கறாங்க. ஒரு நிமிஷம் பாத்துக்கோங்க தம்பி, வந்துடறேன்." போய்விட்டார்.

போன் அடித்தது. மனைவி.

"எங்க இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரியில."

"மருந்தக் குடுத்துட்டீங்கல்ல? இன்னும் அங்க இன்னா வேல?"

"ஒரு பையப் பாத்துக்கினு இருக்கேன்" என்றேன்.